புதுச்சேரியில் ஒரு பொம்மைத் துறைமுகம்: பெரிய கடைக்குள் குழந்தைகள் பிரிவை அமைக்கும் வழி

பெரிய கடையின் முதல் மாடியில் பொம்மைப் பிரிவு திறக்கப் போகிறீர்கள் என்ற செய்தி பரவியதும் முதலில் வந்து நிற்பவர் ஃபிளெக்ஸ் அடிப்பவராக இருப்பார். சுவர் முழுக்க காட்டு விலங்கு, மேகம், வானவில். இரண்டே நாளில் வேலை முடிந்துவிடும், செலவும் குறைவு. அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ஆறடி உயரத்தில் ஒட்டிய படத்தைப் பெரியவர்கள் போனில் எடுத்துக்கொள்வார்கள். நான்கு வயதுக் குழந்தையின் கண்ணில் அது படவே படாது. குழந்தை ஓர் இடத்தை நம்புவது கையால்தான். உள்ளே நுழைய ஒரு வழி, திருக ஒரு கைப்பிடி, ஒளிந்துகொள்ள ஒரு மூலை இருந்தால், சுவரில் ஒரு படமும் இல்லாவிட்டாலும் அது வேறு உலகம்தான். பணமும் உழைப்பும் தரையிலிருந்து நான்கடி உயரத்துக்குள் போகட்டும். கீழே சொல்லப்படும் எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து வருகிறது.

எடுத்துக்காட்டுக்கு 50 அடிக்கு 40 அடி, அதாவது 2,000 சதுர அடி தளம் ஒன்றை வைத்துக்கொள்வோம். புதுச்சேரி நேரு வீதியிலோ, கடலூர் மஞ்சக்குப்பத்திலோ, மாடியில் கிடைக்கக்கூடிய அளவுதான். இடம் சிறியதானால் விகிதத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நடைபாதையின் அகலத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

தரையில் டேப் ஒட்டிப் பாருங்கள்

கணினியில் போட்ட படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆசாரியை அழைப்பதற்கு முன் காலித் தளத்தில் மாஸ்கிங் டேப்பால் ஒவ்வொரு ரேக்கையும் ஒவ்வொரு பாதையையும் நிஜ அளவில் ஒட்டுங்கள். ரேக் வரும் இடங்களில் காலி அட்டைப் பெட்டிகளை நான்கரை அடி உயரத்துக்கு அடுக்குங்கள். பிறகு ஒருவர் முழங்காலிட்டு, போனைத் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் பிடித்து வீடியோ எடுத்தபடி மொத்தப் பாதையையும் சுற்றி வரட்டும். மூன்று, நான்கு வயதுக் குழந்தையின் கண் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கும். அந்த வீடியோவில் ரேக்கின் அடித்தட்டும் பெரியவர்களின் இடுப்பும் மட்டுமே தெரிந்தால் வரைபடம் தவறு. மாற்ற வேண்டியது டேப் மட்டும் என்பதால் இந்தக் கட்டத்தில் தவறு செலவு வைக்காது.

2,000 சதுர அடியை ஏறத்தாழ இப்படிப் பிரிக்கலாம்: ரேக்குகளுக்கு 700, நடைபாதைக்கு 700, குழந்தை நுழைந்து விளையாடும் இடங்களுக்கு 350, பில்லிங், பேக்கிங், உட்காரும் இடம் சேர்த்து 150, கையிருப்பு அறைக்கு 100. விளையாடும் இடத்துக்கு 350 சதுர அடி என்றதும் முதலாளி முகம் மாறும். அந்த இடத்தில் ரேக் போட்டால் இன்னும் ஐந்நூறு பெட்டி அடுக்கலாமே என்பார். பெட்டியை மட்டும் பார்க்க வருகிறவர்களுக்கு ஆன்லைனில் விலை குறைவு என்பதை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். குழந்தை கடையில் கூடுதலாக இருக்கும் நேரம்தான் இந்தப் பிரிவின் முதல்.

பிரதான பாதை ஆறு அடி, கிளைப் பாதை நான்கு அடி. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வரும் குடும்பங்கள் தள்ளுவண்டியோடும் பைகளோடும் உள்ளே வரும். ஒரு தள்ளுவண்டியும் ஒரு சக்கர நாற்காலியும் எதிரெதிரே உரசாமல் போக ஆறு அடி வேண்டும். நுழைந்தவுடன் முதல் எட்டு அடியில் விற்பனைப் பொருள் எதையும் வைக்காதீர்கள். வெயிலிலிருந்து வந்தவர்களின் கண் பழகுவதற்குள் அந்த இடத்தைத் தாண்டிவிடுவார்கள், அங்கே வைத்த சரக்கு கண்ணில் படாது.

பாதை ஒரு வளையமாக இருக்கட்டும். நுழைவும் வெளியேறும் வழியும் ஒன்றாக, பில்லிங் கவுன்டர் அதைப் பார்த்தபடி. இது குழந்தை தொலையாமல் இருப்பதற்கான ஏற்பாடு. தீயணைப்புக்கான அவசர வழி தனியாகக் கட்டாயம் இருக்க வேண்டும், அதன் முன்னால் ஒரு அட்டைப்பெட்டிகூட நிற்கக் கூடாது. தளத்தின் நடுவில் வைக்கும் எந்த ரேக்கும் நான்கரை அடியைத் தாண்டக் கூடாது. அம்மா எங்கே நின்றாலும் பிள்ளையின் தலையோ, குறைந்தது அது நிற்கும் இடமோ தெரிய வேண்டும். உயரமான ரேக் எல்லாம் சுவரோரம்.

கதை ஒன்றே ஒன்று, அதுவும் இந்தக் கரையிலிருந்து

ஒரு மூலையில் விண்வெளி, இன்னொன்றில் டைனோசர், நடுவில் அரண்மனை என்று கலந்தால் பொருட்காட்சி போல ஆகிவிடும். ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து அதன் பகுதிகளாகப் பிரிவுகளை வகுத்தால், குழந்தைக்கு அந்த இடத்தின் வரைபடம் மனத்தில் பதிந்துவிடும். அடுத்த முறை வரும்போது ‘படகுகிட்ட போலாம்’ என்று அப்பாவை இழுத்துக்கொண்டு போகும். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் துறைமுகத்தை விடப் பொருத்தமான கதை எனக்குத் தோன்றவில்லை. அரிக்கமேட்டில் மணி செய்து கடல் வணிகம் நடத்திய ஊர் இது. கடலூர் முதுநகர் இன்றும் துறைமுகம். வெளியூர்க் குழந்தைக்கு அது புதுமை, உள்ளூர்க் குழந்தைக்குத் தன் ஊர்.

பகுதிகள் இப்படி அமையலாம். நுழைவில், அந்த எட்டு அடியைத் தாண்டியதும், கலங்கரை விளக்கம், சுற்றிலும் அறிவியல் கருவிகள், மின் பொம்மைகள். நடுவில் மீன்பிடிப் படகு, சுற்றிலும் சமையல் செட்டு, டாக்டர் செட்டு போன்ற பாவனை விளையாட்டுகள். உள்மூலையில் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. அங்கே மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளின் பொருட்களும் துணி பொம்மைகளும். பின்சுவரில் துறைமுகக் கிடங்கு: கட்டைகள், கார், ரயில், பெரிய பெட்டிகள். வெளியேறும் வழியில் சந்தை: மண், மரம், காகிதக்கூழ் பொம்மைகள், சிறு விலைப் பொருட்கள். இளஞ்சிவப்பு வரிசை பெண்ணுக்கு, நீல வரிசை பையனுக்கு என்று பிரிக்க வேண்டாம். படகில் யார் வேண்டுமானாலும் சமைக்கலாம், யார் வேண்டுமானாலும் துடுப்புப் போடலாம்.

பகுதிகளின் பெயர்ப் பலகையில் தமிழும் ஆங்கிலமும் இருந்தாலும், பெரிதாகத் தெரிய வேண்டியது படம்: கலங்கரை விளக்கம், படகு, வேர், பெட்டி, கூடை. எழுதப் படிக்கத் தெரியாத வயதுதான் உங்கள் முக்கிய வாடிக்கையாளர். பிரெஞ்சு மட்டும் பேசிக்கொண்டு வருகிறவருக்கும் அதே படம் உதவும்.

படகு கட்டுவது

இந்தப் பிரிவின் உயிர் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

நீளம் 12 அடி, அகலம் 5 அடி, பக்கச் சுவர் 2 அடி உயரம். இரண்டு பக்கமும் 3 அடி அகல வாசல். ஒரே வாசல் வைத்தால் உள்ளே நெரிசலாகி அழுகை தொடங்கும். படகின் தரை, கடைத் தரையோடு சமமாக இருக்க வேண்டும். படி வைத்தால் தடுக்கி விழுவார்கள், சக்கர நாற்காலியில் வரும் குழந்தை வெளியிலேயே நிற்க வேண்டி வரும். மேலே ஏறும் மேடை வேண்டாம். 60 செ.மீ.க்கு மேல் ஏற விட்டால் விழும் இடத்தில் அதிர்ச்சி தாங்கும் தரை போட வேண்டும், அதற்குத் தனி இடம் போய்விடும்.

சட்டங்கள் 18 மி.மீ. மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளது. 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம். மேல்தோலுக்கு 6 மி.மீ. வளையும் பிளைவுட், இரண்டு அடுக்கு, பசையோடு. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை மலிவு என்று ஆசாரி சொல்வார். தினமும் தரை துடைக்கும் ஈரமும் இந்த ஊர்க் காற்றும் சேர்ந்து, ஒரு மழைக்காலத்துக்குள் அதன் அடி விளிம்பு ஊதி லேமினேட் பிரிந்துவிடும். பிரிந்த லேமினேட்டின் ஓரம் கத்தி. படகின் பக்கச் சுவர்களுக்கு அடியில் கால் அங்குல உயர ரப்பர் பாதம் வைத்துத் தரையைத் தொடாமல் நிறுத்துங்கள். திருகாணி 304 ரக எஃகு, தலை உள்ளே இறங்கும்படி துளைத்து, மேலே பட்டி பார்த்து மூட வேண்டும். விளிம்பு முழுவதும் ரவுட்டர் என்ற மரம் செதுக்கும் இயந்திரத்தால் 6 மி.மீ. உருட்ட வேண்டும், உள்ளங்கையை அழுத்தி ஓட்டிப் பார்த்து எங்கும் உறுத்தாத வரை தேய்க்க வேண்டும்.

இடைவெளிகளை அளவுகோலோடு பாருங்கள். 8 மி.மீ. முதல் 25 மி.மீ. வரை உள்ள சந்தில் விரல் நுழைந்து மாட்டும். 9 செ.மீ. முதல் 23 செ.மீ. வரை உள்ள சந்தில் உடல் நுழைந்து தலை மாட்டும். படகின் சாளரம், பலகைகளுக்கு நடுவே உள்ள இடம், ரேக்குக்கும் படகுக்கும் நடுவே உள்ள இடம் எதுவும் இந்த இரண்டு அளவுக்குள் வரக் கூடாது. ஒன்று முழுதாக மூடுங்கள், அல்லது தாராளமாகத் திறந்துவிடுங்கள்.

படகு என்றதும் எல்லோருக்கும் வலை நினைவுக்கு வரும். நிஜ நைலான் வலையைக் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் கட்டவே கூடாது. கண்ணியில் விரலும் சட்டைப் பொத்தானும் சிக்கும், கழுத்தில் விழுந்தால் இறுகும், தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். வலையின் தோற்றம் வேண்டுமென்றால் பலகையில் வரைந்துகொள்ளுங்கள். தொங்கும் கயிறு எதுவும் 20 செ.மீ.க்கு மேல் நீளக் கூடாது, வளையம் போட்டிருக்கவும் கூடாது.

பெயின்ட் விஷயத்தில் இந்த ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. மீன்பிடித் துறைமுகத்தில் நிஜப் படகுக்கு அடிக்கும் பெயின்ட் நல்ல நிறத்தில், மலிவாகக் கிடைக்கும். அதில் பாசி, சிப்பி ஒட்டாமல் இருக்க நச்சுச் சேர்மங்கள் கலந்திருக்கலாம். வீட்டு அலங்காரப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்று 2016ஆம் ஆண்டு விதி சொல்கிறது. வீட்டு உபயோகத்துக்கு அல்லாத பெயின்டுக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே உள்அலங்காரத்துக்கான தண்ணீர்ப் பெயின்ட் மட்டும், டப்பாவில் அளவு அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். அடித்து முடித்து, ஜன்னல் திறந்து ஒரு வாரம் காய விடுங்கள். கைப்பிடி விளிம்பைக் குழந்தை கடிக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

படகுக்குள் என்ன இருக்கும்? சுழலும் சுக்கான் ஒன்று. மூடித் திறக்கும் மீன் பெட்டி ஒன்று. மூடி தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்கும் கீல் போட்டது, ஓரத்தில் ஓர் அங்குல ரப்பர் வைத்தது. துணி மீன்கள் முப்பது. விலைச்சீட்டு எதுவும் கிடையாது. குழந்தை எடுத்து விளையாடும் பொருளையும் விற்கும் பொருளையும் ஒரே இடத்தில் கலந்தால் தகராறு வரும். படகின் வெளிச்சுவரில், வாசலுக்கு வெளியே, 40 முதல் 100 செ.மீ. உயரத்தில் அதே மீன்களும் சமையல் செட்டும் பெட்டியில் இருக்கட்டும்.

கலங்கரை விளக்கம், காடு, கிடங்கு

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் பழைய கலங்கரை விளக்கம் 1836இல் எரியத் தொடங்கியது. உங்கள் விளக்கத்துக்கு 8 அடி உயரமும் 4 அடி விட்டமும் போதும், ஆனால் அதைக் குழந்தையே சுழற்ற வேண்டும். தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் ஒரு கைப்பிடி. உள்ளே பெல்ட் வழியாக உச்சியில் உள்ள விளக்கு மெதுவாகச் சுற்றும். முதலில் உடைவது இந்தக் கைப்பிடிதான். பத்து வயதுப் பையன் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குவான். அதனால் பெல்ட்டை வழுக்கும் அளவுக்குத் தளர்வாக வையுங்கள். விசை மிஞ்சினால் பெல்ட் சறுக்கும், அச்சு முறியாது. நட்டு, உள்ளே நைலான் வளையம் உள்ளதாக இருக்கட்டும், சாதா நட்டு அதிர்வில் கழன்றுவிடும். விளக்கு 24 வோல்ட் எல்.இ.டி. வேகமாகச் சுற்றினாலும் வெளிச்சம் ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் கண்ணில் வெட்டக் கூடாது, சில குழந்தைகளுக்கு அது வலிப்பைத் தூண்டும்.

சுரபுன்னைக் காட்டுக்குத் தளத்தில் ஏற்கெனவே நிற்கும் கான்கிரீட் தூண்களைப் பயன்படுத்துங்கள். பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு அந்தத் தாங்கு வேர்கள் தெரியும்: தண்ணீருக்கு மேலே வளைந்து கிளம்பி, சேற்றில் இறங்கும் வேர்கள். ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயைப் பட்டறையில் சூடாக்கி வளைத்து, கித்தான் துணி சுற்றி, பெயின்ட் அடித்தால் அந்த வடிவம் வந்துவிடும். குழாயைச் சூடாக்கும் வேலை கடைக்குள் நடக்கக் கூடாது. அந்தப் புகை கெடுதல். தேங்காய் நார்க் கயிறு சுற்றினால் அசலாக இருக்கும் என்று சொல்வார்கள். நார் உதிர்ந்து கைக்குழந்தையின் வாயில் போகும், எளிதில் தீயும் பிடிக்கும், வேண்டாம். வேர்களுக்கு இடையே உள்ள சந்துக்கும் மேலே சொன்ன அளவு விதி பொருந்தும். தரைக்கு 20 மி.மீ. ஈ.வி.ஏ. நுரை மேட், மேலே துடைக்கக்கூடிய வினைல். காட்டின் எல்லையில் 18 அங்குல உயரத்துக்கு ஒரு நீண்ட திண்ணை போடுங்கள், முதுகுக்குச் சாய்மானத்தோடு. பாட்டியும் தாத்தாவும் உட்கார இடம் இருந்தால்தான் பேரப்பிள்ளை நிம்மதியாக விளையாடும். பணம் கொடுப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பகுதியில் வைக்கும் பொருளுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. சிறுபாக உருளை என்ற சோதனைக் குழலின் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக இறங்கும் எந்தத் துண்டும் தொண்டையில் அடைக்கும். அந்த விட்டத்தில் ஒரு குழலைக் கவுன்டரில் வைத்திருங்கள். பொத்தான் வடிவ பேட்டரி உள்ள பொம்மையில் பேட்டரி மூடி திருகாணி போட்டதாக இருக்க வேண்டும். விழுங்கிய பொத்தான் பேட்டரி சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்.

கிடங்குப் பகுதிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுவர் ரேக் ஏழு அடி உயரம், கனமான பெட்டி அடியில், லேசானது மேலே. ஒவ்வொரு ரேக்கும் சுவரில் இரண்டு இடத்திலாவது ஆங்கர் போல்ட்டால் பிணைத்திருக்க வேண்டும், ஏனென்றால் குழந்தைகள் தட்டுகளை ஏணியாக்குவார்கள். 8 அடிக்கு 4 அடி ரயில் மேசை ஒன்று, உயரம் 16 அங்குலம். தண்டவாளத்தை மேசையில் ஒட்டிவிடுங்கள், ரயில் பெட்டிகளை ஒட்டாதீர்கள்.

வெளிச்சம், சத்தம், மின்சாரம்

பொது வெளிச்சம் 300 லக்ஸ் அளவில் இருந்தால் போதும், படகும் கலங்கரை விளக்கமும் அதைப் போல மூன்று மடங்கு பிரகாசிக்கட்டும். மொத்தக் கடையும் ஒரே பளீர் வெளிச்சத்தில் இருந்தால் எதுவும் தனித்துத் தெரியாது. நம் ஊர்க் கடைகளில் அதிகம் நடக்கும் பிழை இது. நிறம் காட்டும் திறன் 90க்கு மேல் உள்ள எல்.இ.டி. வாங்குங்கள், இல்லாவிட்டால் சிவப்பெல்லாம் காவியாகத் தெரியும். 12 வோல்ட் பட்டை விளக்கு ஐந்து மீட்டர் தாண்டினால் கடைசி முனை மங்கும். 24 வோல்ட் போடுங்கள் அல்லது இரு முனையிலிருந்தும் மின்சாரம் கொடுங்கள். 230 வோல்ட் கம்பி எதுவும் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் வரக் கூடாது, இந்தப் பிரிவின் இணைப்பு முழுவதும் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகப் போக வேண்டும். எல்.இ.டி. விளக்குகளுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர்களை எட்டி மாற்ற ஃபால்ஸ் சீலிங்கில் ஓர் அடிச் சதுரக் கதவு விடுங்கள். விட மறந்தால் முதல் டிரைவர் போகும்போது சீலிங்கை அறுக்க வேண்டியிருக்கும்.

சத்தம் குறைவாக இருப்பதே நல்லது. அலையோசை, தூரத்து ஹாரன், காட்டில் பறவை; எல்லாம் பேச்சுக் குரலுக்குக் கீழே, 55 டெசிபலுக்குள். பதிவு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடட்டும். ஐந்து நிமிடப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டால் பாவம், நாள் முழுக்க நிற்கும் ஊழியர்கள்தான் தவிப்பார்கள். பாடும் பொம்மைகளை எல்லாம் ஒரே ரேக்கில் சேர்க்காதீர்கள், ஒன்றை அமுக்கினால் பத்தும் கத்தும்.

தெர்மாகோல் அலங்காரம் வேண்டவே வேண்டாம். எளிதில் பற்றும், கரும்புகை கக்கும், அதோடு தினமும் உதிரும். தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் இருந்தால் அதற்குக் கீழே அரை மீட்டர் வெற்றிடம் இருக்க வேண்டும். விளக்கத்தின் உச்சி அதை மறைக்கிறதா என்று பாருங்கள். எந்த இடத்திலிருந்தும் 15 மீட்டர் நடைக்குள் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும்.

சரக்கு

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சாதாரணப் பொம்மைக்கு ஐ.எஸ். 9873, மின்சாரத்தில் ஓடுவதற்கு ஐ.எஸ். 15644. முத்திரையோடு உரிம எண்ணும் அச்சாகியிருக்கும், அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சரக்கை இறக்க வேண்டும். மொத்த வியாபாரி ‘எல்லாம் இருக்கு அண்ணே’ என்பதை நம்பி இறக்கிவிட்டால், சோதனை வரும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கைவினைஞர்களாகப் பதிவு செய்தவர்கள் செய்யும் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் இதில் விலக்கு உண்டு. உங்கள் சந்தைப் பகுதியை நிரப்ப இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது, இரண்டும் கூப்பிடு தூரம். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, வெப்பாலை மரத்தில் கடைந்து அரக்குப் பூசிய கர்நாடகத்துச் சன்னபட்டணா பொம்மைகள், பண்ருட்டி மண் பொம்மைகள் என்று வரிசை நீளும். இவற்றை ஈரம் படாத, மோதாத இடத்தில் வையுங்கள்: கண்ணாடிக் கதவு வேண்டாம், தட்டின் முன்விளிம்பில் ஓர் அங்குலச் சட்டம் போதும். தலையாட்டி ஒன்றைக் குழந்தை தட்டிப் பார்க்கத் தாழ்வாக வையுங்கள். அதன் அடி கனமாகவும் வளைவாகவும் இருப்பதால்தான் சாய்த்தாலும் எழுந்து நிற்கிறது. ஒருமுறை சாய்த்துப் பார்த்த குழந்தை அதை விட்டு நகராது.

சந்தையின் முகப்பு ரேக்கைத் தனித்தனிப் படிகளாகக் கழற்றி மாற்றும்படி செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு படியும் 9 அங்குல உயரம், 12 அங்குல ஆழம். நவராத்திரிக்கு ஐந்து படி அல்லது ஏழு படிக் கொலுவாக நிற்கும், மற்ற மாதங்களில் கூடைகள் வைக்கலாம்.

இந்தக் கடற்கரையில் சரக்குக்கு முதல் எதிரி ஈரம். இரவில் ஏ.சி.யை நிறுத்தியதும் காற்றின் ஈரப்பதம் ஏறும். அட்டைப்பெட்டி நெளியும், பேட்டரி முனை பச்சை பூக்கும், துணி பொம்மையில் பூஞ்சை வாடை வரும். சுவருக்கும் ரேக்குக்கும் நடுவே பின்பக்கம் இரண்டு அங்குலம் விட்டு அடைப்புப் பலகை போடுங்கள். ஈரமானி ஒன்று வாங்கி மாட்டி, 60 சதவீதத்தைத் தாண்டினால் ஈரம் உறிஞ்சும் கருவியை ஓட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இது தினசரி வேலை. குடோன் தரைத்தளத்தில் இருந்தால் பெட்டி எதுவும் தரையில் நிற்கக் கூடாது. 2011 தானே புயலையும் 2024 நவம்பர் 30 இரவு வந்த ஃபெஞ்சல் மழையையும் பார்த்தவர்களுக்கு ஒன்றரை அடி உயரப் பலகை மேடை ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆட்கள்

1760இல் தொடங்கிய லண்டன் ஹாம்லீஸ் கடையில் ஊழியர்கள் பொம்மையைப் பெட்டிக்கு வெளியே எடுத்து விளையாடிக் காட்டுவார்கள். அதை நம் ஊர் வழியில் செய்யலாம். எட்டு அடிச் சதுரத்தில் ஒரு பம்பர வட்டம் ஒதுக்குங்கள். தரை வினைலில் ஆணிப் பம்பரம் விட்டால் ஒரு நாளில் குழி விழும், ஆகவே 12 மி.மீ. பிளைவுட் பலகை விரித்து, ஆணி முனை மழுங்கிய பம்பரம் மட்டும் வையுங்கள். சாட்டையை ஆணிக்கு மேல் முதல் சுற்று இறுக்கமாகவும் அடுத்தவை நெருக்கமாகவும் சுற்றி, விட்ட கையைச் சட்டென்று பின்னால் இழுக்கத் தெரிந்த ஓர் ஊழியர் இருந்தால் போதும், அப்பாக்கள் வரிசையில் நிற்பார்கள். சாட்டை வீசும் வட்டத்துக்குள் வேறு குழந்தை நிற்காமல் பார்ப்பதும் அவர் வேலை.

சாதாரண நாளில் மூன்று பேர், சனி ஞாயிறு ஐந்து பேர்: பில்லிங்குக்கு ஒருவர், காட்டுக்கு ஒருவர், மற்றவர்கள் சுற்றி வருபவர்கள். ‘தொடாதே’ என்ற சொல் இந்தப் பிரிவில் யார் வாயிலும் வரக் கூடாது. ‘தம்பி, இதை வச்சுட்டு அந்தச் சுக்கானைத் திருப்பு, கப்பல் எந்தப் பக்கம் போகுதுன்னு பாப்போம்’ என்று சொன்னால் கை தானாக மாறும். குழந்தை தனியாக நின்று அழுதால், ஒருவர் அதன் பக்கத்திலேயே குனிந்து இருக்க வேண்டும், இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டும். ஒலிபெருக்கியில் குழந்தையின் பெயரைச் சொல்லாமல் அம்மா அப்பாவைக் கவுன்டருக்கு அழையுங்கள்.

ஒவ்வொரு நாற்பது ரகத்துக்கும் ஒன்றாவது டெமோ பீஸ் திறந்திருக்கட்டும். பேட்டரி தீர்ந்த டெமோ பொம்மை அந்த ரகத்தின் விற்பனையைக் கெடுக்கும். சார்ஜ் ஏற்றும் ஏ.ஏ. பேட்டரி இரண்டு செட் வாங்கி, காலை கடை திறக்கும்போது மாற்றுங்கள். துணி மீன்களை வாரம் ஒருமுறை துவைக்க இரண்டாவது முப்பது வேண்டும். வாயில் போகும் பிளாஸ்டிக் பொருட்களைத் தினமும் இரவு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். யாராவது வாந்தி எடுத்தால், கழுவிய பிறகு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 20 மி.லி.யை 980 மி.லி. தண்ணீரில் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டு, மறுபடி வெறும் தண்ணீரில் துடைக்க வேண்டும்.

திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் பக்கத்துத் தெருக் குழந்தைகள் இருபது பேரைப் பெற்றோரோடு அழைத்து இரண்டு மணி நேரம் விடுங்கள். எதையும் விளக்காதீர்கள், விற்காதீர்கள். எங்கே முட்டிக்கொள்கிறார்கள், எங்கே நெரிசல், எதைப் பிடுங்க முயல்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, மறுநாள் ஆசாரியை வரச் சொல்லிச் சரி செய்யுங்கள். அதன் பிறகு திங்கள்தோறும் கடை திறப்பதற்கு முன் ஒருவர் கையில் ஸ்குரூடிரைவரோடு முழுவதையும் கையால் தடவிப் பார்த்து வரட்டும்: படகின் விளிம்பு, மீன் பெட்டியின் கீல், விளக்கத்தின் நட்டு, வேர்களின் துணி, மேட்டின் ஓரம். கவுன்டர் இழுப்பறையில் மாற்று பெல்ட் இரண்டு, நைலான் வளைய நட்டு ஒரு டஜன், கீல் ஒரு ஜோடி, 24 வோல்ட் டிரைவர் ஒன்று, படகுக்கு அடித்த அதே நிறப் பெயின்ட் அரை லிட்டர் எப்போதும் இருக்க வேண்டும். உடைந்த கைப்பிடியில் ‘பழுது’ என்று சீட்டு ஒட்டி மூன்று வாரம் விட்டுவைப்பதை விட, கைப்பிடியை அன்றே கழற்றி எடுத்துத் துளையை அடைத்துவிட்டு, மறுநாள் புதியதை மாட்டுவது மேல்.